கிணற்றுத் தண்ணீரும் 65 மீட்டரும்

“திட்டப் பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் தரையிலிருந்து 62 முதல் 65 மீட்டர் ஆழத்தில் உள்ளது. குவாரியின் இறுதி ஆழம் 42 மீட்டர் மட்டுமே என்பதால் நிலத்தடி நீருக்குப் பாதிப்பு ஏற்படாது.” எங்கள் அம்மாவின் ஊரில் ஏற்கெனவே இயங்கிவந்த ஒரு கல்குவாரியை மேலும் ஆழப்படுத்த அனுமதி கேட்டுத் தயாரிக்கப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் இருந்த வரிகள் இவை. மூன்று ஆண்டுகளாக இவை என்னை விடவில்லை. அதைப் படித்த நாளில் மாமாவின் தோட்டத்துக் கிணற்றில் 47 அடியில், அதாவது ஏறத்தாழ 14 மீட்டரில், தண்ணீர் கிடந்தது. குவாரியின் விளிம்பிலிருந்து அந்தக் கிணற்றுக்கு 180 மீட்டர்தான் இருக்கும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவள். இரண்டு பேரேடுகளில் ஒரே இருப்பு வெவ்வேறாக எழுதப்பட்டிருந்தால், எது தவறு என்று தெரியும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

காங்கேயத்துக்குக் கிழக்கே, கீழ்பவானி வாய்க்காலோ பரம்பிக்குளம் ஆழியாற்றுத் தண்ணீரோ எட்டாத மேட்டுக்காடு அது. ஆண்டுக்கு அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல ஆண்டு. கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் மாடுகளைக் காப்பாற்றும். கிணற்றில் கிடக்கும் தண்ணீர் இரண்டு ஏக்கர் வெள்ளாமையையும் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும் மனிதர்களையும் காப்பாற்றும். மாமாவின் கிணறு 58 அடி ஆழம். என் தாத்தா காலத்தில் வெட்டியது. கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை முடிச்சில் இருக்கிறது என்று ஒவ்வொரு அமாவாசையன்றும் பார்த்து நாள்காட்டித் தாளில் குறித்துவைப்பது மாமாவின் வழக்கம். பயிரிடுவதா, காட்டைத் தரிசாகப் போடுவதா என்று முடிவு செய்ய அவருக்கு அந்த எண் தேவைப்பட்டது. பிற்காலத்தில் அது வேறொன்றுக்கும் தேவைப்படும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டம்

தனித்தனியாகப் பார்த்தால் சிறியவையான அந்த வட்டாரக் குவாரிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருந்து, எல்லாம் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டியதால்தான் அறிக்கையும் கூட்டமும் கட்டாயமாயின. மாசி மாதத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஒளிப்பதிவுக் கருவி, மேடையில் வருவாய் அதிகாரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனத்தின் பிரதிநிதி என்று எல்லாம் முறைப்படியே இருந்தன. தமிழ்ச் சுருக்கத்தில் தூசிக்கு இரண்டு பக்கமும், வெடிச் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் ஒரு பக்கமும், தண்ணீருக்கு மேலே சொன்ன வரிகளும் ஒதுக்கப்பட்டிருந்தன.

பேசியவர்கள் பெரும்பாலும் டிப்பர் லாரிகளைப் பற்றியும் விரிசல் விட்ட சுவர்களைப் பற்றியும்தான் பேசினார்கள். மாமா தன் முறை வந்தபோது கிணற்றின் அளவைச் சொன்னார். பிரதிநிதி பொறுமையாகவே பதில் சொன்னார்: திறந்தவெளிக் கிணற்றில் இருப்பது மேலடுக்கில் தங்கும் நீர், நிலத்தடி நீர்மட்டம் என்று அறிக்கை குறிப்பிடுவது ஆழ்குழாய்க் கிணறுகளில் கிடைக்கும் நீர் என்றார். மாமாவுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

அவருக்கு அடுத்துப் பேசியவர் மாமாவின் பங்காளி ஒருவர். கீழ்க்காட்டில் ஆறு ஏக்கர் வைத்திருப்பவர். குவாரி வேண்டும் என்று அவர் பேசினார். குவாரிப் பள்ளத்திலிருந்து மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விடும் தண்ணீரைத் தடுத்துத் திருப்பி, கோ-4 தீவனப்புல் வளர்த்து, நான்கு கறவை மாடுகளைக் காப்பாற்றுவதாகவும், குவாரி நின்றால் தன் மாடுகளைச் சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார். மண்டபத்தில் சிலர் அவரைக் குவாரிக்காரரின் ஆள் என்று ஏசினார்கள். அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்பது எனக்குத் தெரியும். அன்று இரவு திருப்பூருக்குப் பேருந்தில் திரும்பும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தது அவர் பேச்சைத்தான். 42 மீட்டர் ஆழம்கூட நீர்மட்டத்தைத் தொடாது என்றால், 25 மீட்டரில் நிற்கும் இன்றைய பள்ளத்திலிருந்து கோடையிலும் நாள்தோறும் இறைக்கப்படுகிற அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பாறைக்குள் தண்ணீர்

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. ஆற்று மணலில் இருப்பதுபோல இங்கே தண்ணீர் ஒரே மட்டமாகப் பரவி நிற்பதில்லை. மேலே சில மீட்டர் முதல் பதினைந்து, இருபது மீட்டர் வரை உதிர்ந்து மக்கிய பாறை இருக்கிறது. மழைநீர் முதலில் அங்கேதான் இறங்குகிறது. அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அதில் விரிசல் ஓடும் இடங்களில் மட்டும் தண்ணீர் இருக்கும், விரிசல் இல்லாத இடத்தில் நூறு மீட்டர் துளைத்தாலும் தூசிதான் பறக்கும். நம் கிணறு வெட்டுபவர்கள் ‘ஊற்றுக்கண்’ என்று சொல்வது இந்த விரிசல் வாயைத்தான். ஆழ்குழாய் போடும்போது மேலடுக்கில் குழாயை இறக்கி அடைத்துவிட்டுக் கீழே உள்ள விரிசலைத் தேடுகிறார்கள். ஆகவே போரில் 65 மீட்டரில் தண்ணீர் கிடைத்தது என்றால், அந்தப் போர் அந்த ஆழத்தில் ஒரு விரிசலைச் சந்தித்தது என்று மட்டுமே பொருள். அதற்கு மேலே தண்ணீர் இல்லை என்பது அதிலிருந்து பெறப்படாது.

அறிக்கையின் முழுப் பிரதியை வாங்கிப் படித்தபோது இன்னொன்றையும் கண்டேன். பின்னிணைப்பில், சுற்றுவட்டாரத் திறந்தவெளிக் கிணறுகளின் நீர்மட்ட அட்டவணை ஒன்று இருந்தது. 10 முதல் 14 மீட்டர் என்று, அளந்தது அளந்தபடி, நேர்மையாகவே பதிவாகியிருந்தது. முடிவுரை எழுதியவர் அந்த அட்டவணையை விட்டுவிட்டு ஆழ்குழாய்களின் எண்ணை எடுத்துக்கொண்டிருந்தார். எண்கள் பொய்யில்லை, எந்த எண்ணுக்கு ‘நீர்மட்டம்’ என்று பெயர் சூட்டுவது என்பதில்தான் எல்லாம் மாறிப்போயிருந்தது.

இந்தப் பெயர் சூட்டலுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்றால், குவாரிகளுக்கு வழங்கும் அனுமதி ஆணைகளில் தண்ணீரைக் காக்கும் நிபந்தனை அதன்மீதுதான் நிற்கிறது. நிலத்தடி நீர்மட்டத்தை வெட்டக் கூடாது, வெட்ட நேர்ந்தால் பணியை நிறுத்த வேண்டும் என்பது அந்த நிபந்தனை. படிக்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் 65 மீட்டர்தான் நீர்மட்டம் என்று அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், 15 மீட்டரில் பாறைச் சுவரிலிருந்து தண்ணீர் கொட்டினாலும் அது சட்டத்தின் கண்ணில் நிலத்தடி நீர் ஆகாது. வேறு எதுவோ ஆகிவிடும்.

வைகாசி ஞாயிற்றுக்கிழமை

அந்த வேறு எதுவோ என்ன என்பதை அவ்வாண்டு வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுத் தெரிந்துகொண்டோம். குவாரி மேலாளர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், மாமாவிடம் மரியாதை உள்ளவர். வெடி வைக்காத நாள் என்பதால், நாங்கள் கேட்டதும் அவரே சரிவுப் பாதை வழியாகக் கீழே அழைத்துச் சென்றார். மேலிருந்து எத்தனையோ முறை பார்த்த பள்ளம்தான் அது. உள்ளே இறங்கியபோதுதான் அதன் ஆழம் உடம்புக்குத் தெரிந்தது. காற்று அசையாமல், வெயில் நான்கு புறச் சுவர்களிலிருந்தும் அடித்தது. 5 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமுமாகப் படிப்படியாக வெட்ட வேண்டும் என்று திட்டத்தில் இருந்த படிகளில் மேலே இரண்டு மட்டும் தெரிந்தன. அதற்குக் கீழே சுவர் செங்குத்தாக நின்றது. ஒரு மூலையில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கியிருக்க, அதில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கிழக்குச் சுவரில், மாமாவின் தோட்டம் இருக்கும் பக்கத்தில், ஏறத்தாழ 50 அடி ஆழத்தில் ஒரு கறுத்த கோடு நீளவாக்கில் ஓடியது. அதற்கு மேலே பாறை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துக் காய்ந்திருந்தது. கோட்டுக்குக் கீழே ஈரம் மின்னியது. சில இடங்களில் பாசியும், ஓரிடத்தில் ஒரு சிறு ஆலங்கன்றும் இருந்தன. நான்கு மாதங்களாக ஒரு துளி மழை இல்லை. மாமா ஒன்றும் பேசாமல் சரிவில் நின்று, அந்தக் கோட்டில் உள்ளங்கையை வைத்து, வழிந்த தண்ணீரைச் சேர்த்து வாயில் விட்டார். கொஞ்ச நேரம் அதை நாக்கில் வைத்திருந்தார்.

“அம்மிணி, இது நம்ம கெணத்துத் தண்ணி.”

மேலாளர் தயங்கிச் சொன்னார்: “மழைத் தண்ணிங்கய்யா. ஐப்பசியில நின்னது.”

“மழைத் தண்ணி உப்புக் கரிக்காதுங்க” என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. இறந்துபோனவர்களின் பொருளை அடையாளம் காட்டுகிறவர் குரல்போல இருந்தது.

எங்கள் பகுதிக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். அடுத்த வாரம், வீடுகளில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்ட வருபவர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மாமாவின் கிணற்றில் லிட்டருக்கு 1,180 மில்லிகிராம். சுவரின் ஈரக்கோட்டில் நேரடியாகப் பாட்டிலில் பிடித்த தண்ணீரில் 1,140. சாளையின் சிமெண்டுத் தொட்டியில் மாமா பிடித்துவைத்திருந்த மழைநீரில் 60. பள்ளத்தில் தேங்கிய நீரில் வெடிமருந்தின் மிச்சம் கலந்து எண்ணை ஏற்றியிருக்கலாம் என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு என் தொழில் வழியிலேயே ஒரு கணக்குப் போட்டேன். ஓடையில் விழும் குழாயின் கீழே 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்தால் 25 நொடியில் நிறைந்தது. நாளொன்றுக்கு 5 மணி நேரம் மோட்டார் ஓடியது. அப்படியானால் ஒரு நாளைக்கு 1,44,000 லிட்டர். தை கடைசியிலிருந்து வைகாசி வரை 120 நாளைக்கு 1 கோடியே 72 லட்சம் லிட்டருக்கு மேல். பள்ளத்தின் பரப்பு 2 ஹெக்டேர். ஆண்டு முழுவதும் 650 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஒரு துளிகூட ஆவியாகாமல் பள்ளத்திலேயே தங்கியிருந்தாலும் 1 கோடியே 30 லட்சம் லிட்டர்தான் சேரும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே இறைத்து வெளியேற்றப்பட்டுவிட்டது. மழைநீர் என்ற விளக்கம் இந்த வரவு செலவில் எங்கும் பொருந்தவில்லை.

மாமாவின் நாள்காட்டித் தாள்கள் மிச்சத்தைச் சொல்லின. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய சித்திரையில் 38 அடி, அவ்வாண்டுச் சித்திரையில் 52. மழை குறைந்ததுதான் காரணம் என்று எவரும் சொல்லலாம் என்பதால், ஊருக்கு மேற்கே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, அதே மழையில் நனைகிற மூன்று கிணறுகளிலும் கயிறு விட்டுப் பார்த்தோம். 40, 41, 39.

எதை எதனால் அளக்கிறோம்

இந்தத் தொழிலுக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் 1959ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளி, எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டு என்று இடைவெளிகள் உண்டு. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொன்னது. 2016இல் அந்தச் சிறிய குவாரிகளுக்கான அதிகாரம் மாவட்ட அளவில் ஒப்படைக்கப்பட்டது; 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதில் தலையிட்டு, அருகருகே உள்ள குவாரிகளைச் சேர்த்துப் பார்த்துக் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அந்த மண்டபக் கூட்டமே நடந்திருக்காது. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ஓடும் அளவுகோல் ஹெக்டேர். பரப்பு கூடினால் ஆய்வு கூடுகிறது, பரப்பு குறைந்தால் ஆய்வு குறைகிறது. தண்ணீருக்கோ பரப்பைவிட ஆழம்தான் முக்கியம். படிகளை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால், 5 ஹெக்டேரில் 8 மீட்டர் வெட்டினாலும் 1 ஹெக்டேரில் 40 மீட்டர் வெட்டினாலும் வெளியே வரும் கல் ஒன்றுதான், 4 லட்சம் கன மீட்டர். முதலாவது பள்ளம் மக்கிய பாறையோடு நின்றுவிடலாம். இரண்டாவது பள்ளம் சுற்றியுள்ள ஒவ்வொரு விரிசலையும் அறுத்துத் தன் பக்கம் வடியவைக்கும். நான் படித்த நிபந்தனைகளில் வீட்டுக்கு இடைவெளி உண்டு, சாலைக்கு உண்டு, ஓடைக்கு உண்டு, கிணற்றுக்கு என்று தனியாக எதையும் காணவில்லை. சாளையில் வாழும் ஒரு குடும்பத்துக்கு வீட்டைவிடக் கிணறுதான் வீடு.

நிலத்தடி நீருக்கென்று மாநிலம் தழுவிய சட்டத்தை நாம் 2003இல் இயற்றினோம். அது நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. ஆகவே யார் தண்ணீரை யார் எடுக்கிறார்கள் என்று கேட்க மாமாவுக்கு ஒரு வாசல் இல்லை. அந்தப் பங்காளியின் பேச்சு எனக்கு இங்கேதான் முழுதாக விளங்கியது. குவாரி என்பது கல் எடுக்கும் இடமாக மட்டும் இல்லை, எவருடைய அனுமதியும் இன்றி ஊரிலேயே மிகப் பெரிய கிணறாகவும் ஆகிவிட்டது. ஏழு தோட்டங்களின் தண்ணீர் பாறை வழியாக அதற்குள் வடிந்து, ஒரு மோட்டார் வழியாக ஒரே காட்டுக்குப் போகிறது. அவர் எதையும் திருடவில்லை. ஓடையில் வந்ததைத் திருப்பிக்கொண்டார். அவர் மாடுகளின் பசியும் மாமாவின் மாடுகளின் பசியும் ஒன்றுதான். இரண்டு பங்காளிகளும் அதன்பின் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை என்பதை எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் எழுதமாட்டார்கள்.

மூடிய பிறகு

குவாரி மூடினால் அந்தப் பள்ளம் நல்ல நீர்த்தேக்கமாகும் என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. இதை நான் உடனே தள்ளிவிடவில்லை. சென்னை 2017லும் 2019லும் வறண்டுகிடந்தபோது மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகருக்குக் கொடுத்தார்கள். தாகத்தில் இருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஏரிக்கு வரத்து வாய்க்கால் உண்டு, மதகு உண்டு, கலிங்கு உண்டு, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கச் சரிவு உண்டு. செங்குத்தாக வெட்டிவிட்ட பள்ளத்தில் இவை எதுவும் தானாக வந்துவிடாது. எங்கள் பக்கம் இவற்றைப் பாறைக்குழி என்போம். திருப்பூரைச் சுற்றியுள்ள பாறைக்குழிகளில் நகரக் குப்பையைக் கொட்டுவதை எதிர்த்து ஊர் ஊராக மக்கள் போராடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். கிணற்றோடு விரிசலால் இணைந்த ஒரு குழியில் குப்பையின் சாறு இறங்கினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு, அந்த ஈரக்கோட்டைப் பார்த்த எனக்கு வேறு சான்று தேவையில்லை.

சுரங்கம் தோண்டிய நிலத்தில் பணி முடிந்தபின் புல் வளர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல உத்தரவு. 42 மீட்டர் ஆழச் சுவரில் புல் எங்கே வளரும் என்பதைக் குவாரி தொடங்குமுன் வரையும் திட்டத்திலேயே காட்டச் சொல்ல வேண்டும்.

கயிறு

டிடிஎஸ் எண்கள், டிரம் கணக்கு, மாமாவின் ஐந்து ஆண்டு நாள்காட்டித் தாள்களின் நகல், அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்த அட்டவணை ஆகியவற்றைச் சேர்த்து, அனுமதியைப் பரிசீலிக்கும் மாநில ஆணையத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். நான் கேட்டவை இரண்டு. திறந்தவெளிக் கிணற்றில் நிற்கும் நீரையும் நிலத்தடி நீராகக் கொள்ள வேண்டும். கிணறுகளைக் கிணற்றுக்காரர் முன்னிலையில் மாதந்தோறும் அளந்து, அந்த எண்ணை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும்.

அடுத்த ஆண்டு ஆணை வந்தது. ஆழம் 42 மீட்டரிலிருந்து 37 மீட்டராகக் குறைக்கப்பட்டிருந்தது. சுற்றியுள்ள திறந்தவெளிக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் குத்தகைதாரர் அளந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை புதிதாகச் சேர்ந்திருந்தது. படித்துக் காட்டியபோது மாமா, “கெணறுன்னு எழுதீட்டாங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். ஈரக்கோடு 15 மீட்டரில் இருக்கிறது என்பதை அன்று நான் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

முதல் அரையாண்டு அறிக்கையின் நகல் சென்ற மாதம் என் கைக்கு வந்தது. அதில் மூன்றாம் எண் கிணறு மாமாவுடையது. மே மாத நீர்மட்டம் 12.4 மீட்டர் என்று இருக்கிறது. அடியில் சொன்னால் 41. அதே வாரத்து அமாவாசையன்று மாமா குறித்துவைத்திருப்பது 51. தோட்டத்துக்கு யாரும் அளக்க வரவில்லை என்கிறார் அவர். அளக்க வந்தவர்கள் வேறு கிணற்றைத் தவறுதலாக அளந்திருக்கவும் கூடும். ஆகவே இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே நாளில், ஒரே கயிற்றில் அளப்பதற்குத் தேதி குறித்துத் தருமாறு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். மாமா கயிற்றைக் கழுவி, நைந்துபோன முடிச்சுகளைப் புதிதாகப் போட்டு, சாளை வாசலில் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார்.